கூட உழைத்தால் என்ன மிஞ்சும்?

1996ஆம் ஆண்டு, மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்று. ஸ்காபரோவில் ஒரு தொடர்மாடிக் கட்டடத்தின் பேஸ்மென்ற் அறையில் நாம் நாலைந்து பேர் மேசை போட்டு இருந்தோம். எம்மவருக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பது, கந்தோர்களிலிருந்து வந்த கடிதங்களை வாசித்து விளங்கப்படுத்துவது, தேவையென்றால் தொலைபேசியில் ஆங்கிலம் கதைத்துக் கொடுப்பது. இதுதான் எமது சனிக்கிழமைத் தொண்டு. அதைத் தொண்டு என்று சொல்லிக்கொள்வதில் எமக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அன்று ஒரு அக்கா வந்தார். கையில் மண்ணிற உறை. பக்கத்தில் ஏழு வயதுப் பையன், நனைந்த பனிச்சப்பாத்தோடு. அவர் தனியாகப் பிள்ளை வளர்ப்பவர், வெல்ஃபெயார் எடுப்பவர். எம்மவர் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் பின்பக்கம் நின்று இடியப்பம் அவிப்பவர். மணித்தியாலத்துக்கு நாலு டொலர், கையில் காசு, கணக்கில் இல்லை. அப்போது ஒன்ராறியோவில் சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளம் 6 டொலர் 85 சதம். கடை முதலாளி இனி முழுநேரமும் வரச்சொல்லிக் கேட்டிருக்கிறார், அதே நாலு டொலருக்கு. இன்னொரு பக்கம், பதிவோடு ஒரு தொழிற்சாலை வேலை இருக்கிறதென்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"தம்பியவை, ஒண்டு கேக்கிறன், ஒளிக்காமச் சொல்லுங்கோ. நான் கூட வேலை செய்தா எனக்கு என்ன மிஞ்சும்?"

நாம் பென்சில் எடுத்துக் கணக்குப் பார்த்தோம். தொழிற்சாலையில் கிழமைக்கு 40 மணித்தியாலம் என்றால் மாதம் ஏறத்தாழ 1,187 டொலர். அதில் வரி போகும், பஸ் அட்டை போகும், பள்ளிக்கூடம் விட்டபின் பையனைப் பார்ப்பவருக்குக் கூலி போகும். உழைப்பின் ஒரு பங்கைக் கழிக்காமல் விட்டுவைக்கும் ஒரு திட்டம் 1989 முதல் இருந்ததுதான். ஆனால் அதற்கு மேல் அவர் உழைக்கும் ஒவ்வொரு டொலரிலும் பெரும்பங்கு உதவித் தொகையிலிருந்து கழிந்துவிடும். முற்றாக வெல்ஃபெயாரை விட்டு வெளியேறினால் மருந்து அட்டையும் போய்விடும். கூட்டிக் கழித்து முடித்தபோது, கடதாசியில் 6.85 ஆக இருந்தது கையில் நாலு டொலருக்கும் கீழே வந்து நின்றது. சட்டப்படியான சம்பளத்தைவிடச் சட்டவிரோதமான நாலு டொலர் பெரிதாக இருந்தது.

அக்கா கடதாசியைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். "அப்ப நேர்மையா இருக்கிறதுக்கு நான் காசு குடுக்கோணும், என்ன?" என்றார்.

அந்தக் கேள்வி ஒரு கணக்குக் கேள்வி அல்ல. ஏழையின் உழைப்பு உயர வேண்டுமென்று எல்லோரும் சொல்கிறார்கள். அரசாங்கம் சொல்கிறது, முதலாளி சொல்கிறார், தொண்டு செய்யும் நாமும் சொல்கிறோம். ஆனால் அப்படி உயர்வது யாருடைய கைக்குப் போகிறது? அவருடைய கைக்குப் போகாத ஓர் உயர்வுக்காக அவரை உழைக்கச் சொல்லும் உரிமை எவருக்காவது உண்டா?

அந்தக் காலத்தைச் சற்று நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. 1995 ஆனியில் மைக் ஹரிஸ் தலைமையிலான முற்போக்குப் பழமைவாதக் கட்சி ஒன்ராறியோவில் ஆட்சிக்கு வந்தது. அதே ஆண்டு ஐப்பசியில் வெல்ஃபெயார் தொகை 21.6 சதவீதத்தால் வெட்டப்பட்டது. தனியாளுக்கு 663 டொலர் வரை இருந்தது 520 ஆகியது. ஒரு பிள்ளையோடு தனித்திருக்கும் தாய்க்கு 1,221 வரை இருந்தது 957 ஆகியது. சோம்பிக் கிடப்பவர்களை வேலைக்குப் போகவைக்கும் வழி இது என்றார்கள். ஆனால் 1995 தையில் 6.85 ஆக நின்ற குறைந்தபட்சச் சம்பளம் 2004 மாசி வரை ஒரு சதம்கூட ஏறவில்லை. ஒன்பது வருடங்கள். வாடகை ஏறியது, பஸ் காசு ஏறியது. வேலைக்குப் போ என்று ஆளைப் பிடித்துத் தள்ளியவர்கள் வேலையின் விலையைக் கட்டிப்போட்டு வைத்திருந்தார்கள்.

அதே அரசாங்கம் மாகாண வருமான வரியையும் குறைத்தது. கூட உழைப்பவரின் மேலதிக டொலரில் பாதியை வரியாக எடுத்தால் மனிதரின் முயற்சி செத்துவிடும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். நல்ல நியாயம்தான். ஆனால் இடியப்பம் அவிக்கும் பெண்ணின் மேலதிக டொலரில் அதைவிடப் பெரிய பங்கு போனபோது அவருடைய முயற்சி சாகும் என்று எவரும் கவலைப்படவில்லை. செல்வந்தரின் மனம் வேறு, ஏழையின் மனம் வேறு என்று நினைத்தார்கள் போலும். ஒருவருக்கு இனாம் கொடுத்தால்தான் உழைப்பார், மற்றவருக்குப் பசி கொடுத்தால்தான் உழைப்பார்.

அந்த இலையுதிர்காலத்தில் இன்னொன்றும் வந்தது. வெல்ஃபெயாரில் மோசடி செய்பவர்களைப் பற்றி அறிவிப்பதற்கென ஒரு தொலைபேசி இலக்கம். எம்மவரிடையே அது ஒரு புதுப் பயத்தைக் கொண்டுவந்தது. சீட்டுக்காசுச் சண்டையிலும் கலியாணப் பேச்சுக் குழம்பியதிலும் "உன்னை அறிவிச்சுப்போடுவன்" என்ற வார்த்தை வெளியில் வந்ததை நாம் காதால் கேட்டிருக்கிறோம்.

இனி, நாம் வழக்கமாகத் தவிர்த்துவிடும் கேள்விக்கு வருவோம். கணக்கில் காட்டாமல் உழைப்பது களவா?

எம்மிடையே இதற்கு இரண்டு மறுமொழிகள் இருந்தன. ஒன்று: ஊரையும் வீட்டையும் இழந்து, ஏஜென்சிக்காரனுக்குக் கடன்பட்டு வந்தவர்கள் நாங்கள், இந்தப் பணக்கார நாட்டில் நாலு டொலரை ஒளிப்பது ஒரு குற்றமா? மற்றது: அடைக்கலம் தந்த வீட்டில் கைவைப்பது நன்றிகெட்ட செயல், அது எங்கள் இனத்துக்கே இழுக்கு. இரண்டையும் நாம் மேடைகளிலும் வரவேற்பறைகளிலும் கேட்டிருக்கிறோம். இரண்டும் எமக்குத் திருப்தி தரவில்லை.

முதலாவது மறுமொழி, வரி கட்டுபவர் யாரென்பதை மறக்கிறது. வெல்ஃபெயார்ப் பணம் வானத்திலிருந்து விழுவதல்ல. றெஸ்ரோரன்ற் ஒன்றில் இரவிரவாகக் கோப்பை கழுவிச் சம்பளத் துண்டில் வரி கட்டிய எங்கள் தம்பிமாரின் காசும் அதில் இருக்கிறது. பொய் சொல்வதால் எவருக்கும் நட்டமில்லை என்பது உண்மையல்ல. இரண்டாவது மறுமொழியோ அகதியை என்றென்றைக்கும் விருந்தாளியாகவே வைத்திருக்கிறது. விருந்தாளிக்கு நன்றி சொல்ல மட்டும்தான் உரிமையுண்டு, விதி நியாயமா என்று கேட்க உரிமையில்லை. இந்த நாட்டில் உழைத்து வரி கட்டிப் பிள்ளை வளர்ப்பவர் விருந்தாளியல்ல.

இரண்டு மறுமொழியிலும் வராத ஓர் ஆள் இருக்கிறார். அவர்தான் கடை முதலாளி. அக்கா ஒளித்த நாலு டொலரைப் பற்றி எல்லோரும் கதைத்தோம். அவர் ஒளித்த 2 டொலர் 85 சதத்தைப் பற்றி யாரும் கதைக்கவில்லை. அக்காவுக்கு மாதாமாதம் வெல்ஃபெயார் செக் வருகிறது என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தபடியால்தான் நாலு டொலர் கொடுத்தால் போதும் என்று நினைத்தார். வெளியில் சொன்னால் அக்காவுக்குத்தான் ஆபத்து என்பதும் அவருக்குத் தெரியும். அப்படிப் பார்த்தால் அந்த உதவித் தொகையின் ஒரு பங்கு சத்தமில்லாமல் அவருடைய கல்லாப்பெட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது.

இது எம்மவர் கண்டுபிடித்த தந்திரமல்ல. 1795 வைகாசியில் இங்கிலாந்தின் பார்க்சயர் நீதவான்கள் ஸ்பீன்ஹாம்லாந்து என்ற இடத்தில் கூடி, பாணின் விலைக்கும் குடும்பத்தின் அளவுக்கும் ஏற்ப ஒரு அட்டவணை போட்டார்கள். கூலியாளின் சம்பளம் அந்த அளவுக்குக் குறைந்தால் குறைந்ததை ஊர் நிதியிலிருந்து நிரப்புவது என்று முடிவாகியது. பசிக்கு இரங்கிச் செய்த காரியம்தான். ஆனால் குறைந்ததை ஊர் நிரப்புமென்றால் பண்ணைக்காரர் ஏன் கூட்டிக் கொடுக்க வேண்டும் என்ற கேள்வி உடனேயே எழுந்தது. அந்த ஏற்பாடு உண்மையில் எவ்வளவுக்குச் சம்பளத்தைக் கீழே இழுத்தது என்று வரலாற்றாளர் இன்றுவரை வாதிடுகிறார்கள். அதைக் குற்றஞ்சாட்டி எழுதப்பட்ட 1834ஆம் ஆண்டு அறிக்கை பக்கச்சார்பானது என்பதும், அதைத் தொடர்ந்து வந்த சட்டம் ஏழைகளை வேலைவிடுதிகளுக்குள் தள்ளியது என்பதும் தெரிந்தவை. ஆகவே உதவியை நிறுத்து என்பது அதிலிருந்து வரும் பாடமல்ல. உதவி இருக்கும் இடத்தில் சம்பளத்துக்கு ஒரு அடித்தளமும் இருக்க வேண்டும், அந்த அடித்தளத்தைக் காப்பவரும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏழைக்கு நீட்டிய கை வேறொருவரின் சட்டைப்பைக்குள் போய்விடும்.

விதி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். கிம்பர்லி றொஜேர்ஸ். சட்பெரி நகரத்துப் பெண். வெல்ஃபெயார் எடுத்த காலத்தில் மாணவர் கடனும் வாங்கிக் கல்லூரியில் படித்தார். இரண்டையும் ஒன்றாக எடுத்தது மோசடி என்று 2001இல் தீர்ப்பாகியது. ஆறு மாத வீட்டுக்காவல். உதவித் தொகையும் நிறுத்தப்பட்டது. நீதிமன்றம் போய் அதை மீளப் பெற்றபோது, கழிவும் வாடகையும் போக மாதத்துக்கு 18 டொலர் மிஞ்சியது. அவ்வாண்டு ஆவணியில், கடும் வெக்கையில், அந்த வீட்டுக்குள்ளேயே இறந்து கிடந்தார். அப்போது அவர் எட்டு மாதக் கர்ப்பிணி. அடுத்த ஆண்டு மரண விசாரணை நடந்தது.

அவர் செய்ததாகச் சொல்லப்பட்ட குற்றம் என்னவென்று நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும். படித்து, நல்ல வேலை எடுத்து, கூட உழைக்க முயன்றார். வெல்ஃபெயாரில் இருப்பவர் எதைச் செய்ய வேண்டுமென்று எல்லோரும் சொன்னார்களோ அதைத்தான் செய்தார். செய்த வழி படிவத்துக்குள் அடங்கவில்லை.

இவ்வளவையும் சொன்னபின், நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட ஒரு முயற்சியையும் சொல்லாவிட்டால் அது நேர்மையாகாது. 1992இல் கனடிய மத்திய அரசின் பணத்தில் நியூ பிறன்ஸ்விக்கிலும் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் ஒரு பரிசோதனை தொடங்கியது. சுயநிறைவுத் திட்டம் என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். ஒரு வருடமாவது வெல்ஃபெயாரில் இருந்த தனிப்பெற்றோரில் ஒரு பகுதியினரைக் குலுக்கல் முறையில் தெரிந்தெடுத்து இப்படிச் சொன்னார்கள்: ஒரு வருடத்துக்குள் கிழமைக்கு 30 மணித்தியால வேலை ஒன்றைத் தேடி, வெல்ஃபெயாரை விட்டு வெளியேறுங்கள். உங்கள் உழைப்புக்கும் நாங்கள் வைத்த ஒரு இலக்குத் தொகைக்கும் இடையிலான வித்தியாசத்தில் பாதியை மூன்று வருடம் தருகிறோம். பிரிட்டிஷ் கொலம்பியாவில் அந்த இலக்கு ஆரம்பத்தில் வருடத்துக்கு 37,000 டொலர்.

கணக்குப் பார்ப்போம். மணித்தியாலத்துக்கு 7 டொலர், கிழமைக்கு 35 மணித்தியாலம் என்றால் வருடத்துக்கு 12,740. வித்தியாசத்தில் பாதி 12,130. இரண்டும் சேர்த்து 24,870. எங்கள் அக்காவின் மேசையில் இப்படி ஒரு கடதாசி வைக்கப்பட்டிருந்தால் அவர் வேறு கேள்வி கேட்டிருப்பார்.

பலன் கிடைத்தது. ஏறத்தாழ ஒரு வருடத்தில், சலுகை கிடைத்தவர்களில் முழுநேர வேலைக்குப் போனவர் வீதம் கிடைக்காதவர்களோடு ஒப்பிடும்போது இரண்டு மடங்காகியது. உழைப்பு கூடியது, வறுமை குறைந்தது. ஏழைத் தாய்மார் சோம்பேறிகள் என்ற கதை அங்கேயே பொய்த்துப்போனது. கூட உழைத்தால் கையில் மிஞ்சும் என்றால் மனிதர் உழைக்கிறார்கள். இதை அறிய ஒரு பரிசோதனை தேவைப்பட்டதே என்பதுதான் வெட்கம்.

ஆனால் அதே பரிசோதனை வேறு இரண்டு உண்மைகளையும் சொன்னது. சலுகை கிடைத்தவர்களில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினரே அதைப் பயன்படுத்த முடிந்தது. மற்றவர்களுக்கு 30 மணித்தியால வேலை கிடைக்கவில்லை, அல்லது பிள்ளையை விட இடமில்லை, அல்லது உடம்பு இடங்கொடுக்கவில்லை. மூன்று வருடம் முடிந்து மேலதிகப் பணம் நின்றபின் இரண்டு குழுவினருக்கும் இடையில் வேலையில் வித்தியாசம் ஏறக்குறைய இல்லாமற் போய்விட்டது. பிரித்தானியாவில் 2003இல் ஆறு பகுதிகளில் தொடங்கிய இன்னொரு பரிசோதனையும் இதையே காட்டியது. முழுநேர வேலையில் நிலைத்து நின்றவருக்கு 400 பவுண் வீதம் ஆறு தடவை வரை கொடுத்தார்கள், பயிற்சிக்கும் பணம் கொடுத்தார்கள். தனித்தாய்மாரின் வருமானம் சிலகாலம் முந்தி நின்றது. பின்னர் மற்றவர்களோடு சமமாகிவிட்டது.

காரணம் விளங்காததல்ல. இந்த உதவிகள் மணித்தியாலங்களைக் கூட்டின. மணித்தியாலத்தின் விலையைக் கூட்டவில்லை. ஒருவரின் உழைப்பை உயர்த்துவது என்று நாம் சொல்லும்போது இரண்டு வேறு காரியங்களை ஒரே சொல்லால் சொல்கிறோம். ஒன்று, அவரை இன்னும் நீண்ட நேரம் நிற்கவைப்பது. மற்றது, அவர் நிற்கும் ஒரு மணித்தியாலத்துக்குக் கூடிய மதிப்புக் கிடைக்கச் செய்வது. முதலாவது பிள்ளையோடு இருக்கும் நேரத்திலிருந்தும் நித்திரையிலிருந்தும் எடுக்கப்படுகிறது. இரண்டாவதை யாரிடமிருந்து எடுப்பது? அங்கேதான் கதை நின்றுவிடுகிறது. அது முதலாளியின் இலாபத்திலிருந்தும், அல்லது மலிவாகச் சாப்பிட்டுப் பழகிய எங்கள் வாயிலிருந்தும் வரவேண்டும். பத்து இடியப்பத்தை அந்த விலைக்கு வாங்கியவர்கள் நாங்களும்தானே.

வள்ளுவர் இரவு என்று ஓர் அதிகாரமும் அதற்கடுத்து இரவச்சம் என்று ஓர் அதிகாரமும் வைத்தார். கேட்பதில் இழிவில்லாத சந்தர்ப்பங்களை முதலில் சொல்லி, கேட்கவேண்டி வருவதன் கொடுமையை அடுத்துச் சொன்னார். சிறுவயதில் இதை முரண்பாடு என்று நினைத்தோம். இப்போது அப்படித் தோன்றவில்லை. கேட்பவர் இழிந்தவரல்ல, கேட்கவைக்கும் நிலைதான் இழிந்தது என்று இரண்டையும் சேர்த்துப் படிக்கலாம். எங்கள் காலத்து உதவித் திட்டங்கள் இதைத் தலைகீழாகப் படித்தன. நிலையை அப்படியே விட்டுவிட்டு, கேட்டவரைச் சந்தேகித்தன.

பிறகு பெயர்கள் மாறின, வீதங்கள் மாறின. ஒன்ராறியோவில் 2013இல் மாதம் முதல் 200 டொலரை விட்டுவைத்து மீதியில் பாதியைக் கழிக்கும் விதி வந்தது. பிரித்தானியாவில் யூனிவேர்சல் கிரெடிற் என்ற உதவியில், விலக்குத் தொகைக்கு மேல் உழைக்கும் ஒரு பவுணில் 65 பென்ஸ் கழிந்தது 2017இல் 63 ஆகவும், 2021 முடிவில் 55 ஆகவும் குறைந்தது. இவை சிறிய காரியங்களல்ல. 65க்கும் 55க்கும் இடையிலான பத்துப் பென்ஸில் ஒரு பிள்ளையின் சப்பாத்து இருக்கிறது. ஆனால் மற்றப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒன்ராறியோவில் 2018இல் தனியாளுக்கு 733 டொலர் என்று வைத்த தொகை 2024 முடியும்வரை அப்படியே நின்றது. 1995இல் வெட்டுவதற்கு முன்பிருந்த 663இலிருந்து கால் நூற்றாண்டு தாண்டி 70 டொலர் ஏற்றம்.

எமக்கு இப்போது தோன்றுவது இதுதான். ஏழைத் தொழிலாளிக்குக் கூட உழைக்க உதவுவது என்றால் மூன்று கேள்விக்கு மறுமொழி இருக்க வேண்டும். மேலதிகமாக வருவதில் பெரும்பங்கு அவர் கையில் நிற்குமா? அவரது மணித்தியாலத்தின் விலை ஏறுமா? வேண்டாம் என்று ஒரு வேலையை மறுக்கும் பலம் அவருக்கு உண்டா? மூன்றாவதுதான் முக்கியம் என்று நினைக்கிறோம். மறுக்க முடியாதவரின் சம்பளத்தை எந்தத் திட்டமும் நெடுங்காலம் உயர்த்தி வைக்காது.

அந்த அக்காவுக்கு நாம் சொன்ன மறுமொழியைச் சொல்லாமல் முடிப்பது சரியல்ல. நாம் நேர்மையாக இருக்கச் சொன்னோம். எல்லாவற்றையும் வேர்க்கரிடம் சொல்லிவிடுங்கள், கடையிலிருந்து ஒரு கடிதம் வாங்கி வாருங்கள் என்றோம். முதலாளி கடிதம் தர மறுத்து, அடுத்த நாளே வேலையால் நிற்பாட்டினார். முந்திய மாதங்களில் கூட எடுத்த பணம் என்று ஒரு தொகை அக்காவின் செக்கிலிருந்து மாதாமாதம் கழிக்கப்பட்டது. உண்மை சொன்னவர் ஒருவர்தான், அதற்கு விலை கொடுத்தவரும் அவர் ஒருவர்தான்.

அவருடைய நிலை பின்னர் உயர்ந்தது. எமது ஆலோசனையால் அல்ல. அதே கட்டடத்தில் இருந்த இன்னொரு பெண் காசு வாங்காமல் பையனைப் பார்த்துக்கொண்டார். அந்தத் துணையில் இரவில் ஆங்கிலம் படித்து, முதியோர் இல்லம் ஒன்றின் குசினியில் வேலை எடுத்தார். அங்கே தொழிற்சங்கம் இருந்தது. சம்பளம் வருடாவருடம் ஏறியது, மருந்துக்குக் காப்புறுதியும் இருந்தது.

பல வருடங்களுக்குப் பிறகு ஒரு கலியாண மண்டபத்தில் அவரைக் கண்டோம். பையன் நெடுநெடுவென்று வளர்ந்து பக்கத்தில் நின்றான். நாம் பழையதைச் சொல்லி வருத்தம் தெரிவித்தோம். அவர் கோபப்படவில்லை.

"நீங்கள் நல்லதுக்குத்தான் சொன்னீங்கள் தம்பி. ஆனா ஒண்டு. என்னட்ட அவ்வளவு கேள்வி கேட்டீங்கள். அந்த மனுசனிட்ட ஏன் ஒண்டும் கேக்கேல்லை?"

அந்த மனுசன் எமது விழா மலருக்கு ஒவ்வொரு வருடமும் பின்னட்டை விளம்பரம் தந்தவர். அதை அக்காவிடம் நாம் சொல்லவில்லை. இங்கே எழுதிவைக்கிறோம்.